வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு: உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள இராமநாதபுரம் கடலோரத்தில் முதுகலை முடித்தவர்களுக்கும் இறுதியாண்டில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், இந்த வழிகாட்டி பயன்படும். இப்பகுதி மாணவர்களின் விண்ணப்பங்களைச் சில ஆண்டுகளாகப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் இடறுவது தகுதிக் குறைவால் அல்ல, வேலையின் வரிசை மாறிப்போவதால்தான்.

வழக்கமாக நடப்பது இது. உதவித்தொகைப் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கடைசி நாளுக்குச் சில வாரங்களே இருக்கும். அவசரமாகப் பல்கலைக்கழகத்தைத் தேடி, பிறகு நெறியாளரைத் தேடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆய்வுத் தலைப்பை யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்: முதலில் ஆய்வுக் கேள்வி, அடுத்து நெறியாளர், அதன் பின் நிதி, கடைசியில் படிவம். எந்த நிதி அமைப்பும் எதை ஆராயப் போகிறீர்கள், யாரிடம், ஏன் அங்கே என்ற மூன்றையும் கேட்கும். இவற்றுக்கு விடை இல்லாமல் நிரப்பப்பட்ட படிவத்தைத் தேர்வுக் குழு முதல் பக்கத்திலேயே இனம் கண்டுகொள்ளும்.

செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஆய்வு தொடங்க வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டின் ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கடைசி நாள் டிசம்பரிலும், பிரிட்டனில் நிதியுடன் கூடிய இடங்களுக்கான கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலும் வந்துவிடும் என்பதால், இருபது மாதம் என்பது நீண்ட காலம் போலத் தோன்றினாலும் உண்மையில் கையில் இருப்பது பத்து, பதினோரு மாதங்கள்தான்.

1. முதல் நாளே தொடங்க வேண்டிய தாள்வேலை

மேலே சொன்ன வரிசைக்கு ஒரே விதிவிலக்கு சான்றிதழ்கள். அவை உங்கள் கையில் இல்லை, அலுவலகங்களின் கையில் இருக்கின்றன. ஆகவே ஆய்வுக் கேள்வியை யோசிக்கும் அதே வாரத்தில் இந்த வேலையையும் தொடங்கிவிட வேண்டும்.

முதலாவது கடவுச்சீட்டு. நம் மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் என்னும் ஆங்கில மொழித்தேர்வுகளுக்குப் பதிவு செய்யவே கடவுச்சீட்டு தேவைப்படும் என்பதால், 'இடம் கிடைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று விடக் கூடாது.

இதில் மிகுதியான சிக்கலைத் தருவது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. செல்வி' என்று இருக்கும். கடவுச்சீட்டுப் படிவமோ பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும், தலைப்பெழுத்தை ஏற்காது. சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவரின் அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயராக மாறி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முன்பெயர் தெரியாது என்ற குறிப்பு வந்து உட்காரும். தந்தையின் முழுப்பெயரைக் குடும்பப் பெயராக நிரப்பிவிடுவதே நல்லது. அதன் பிறகு தேர்வுப் பதிவு, பல்கலைக்கழகப் படிவம், பரிந்துரைக் கடிதம் என எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் பயன்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களில் உள்ள பெயரும் இதுவும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் கேள்வி எழும்போது கையில் விடை இருக்கும்.

இரண்டாவது டிரான்ஸ்கிரிப்ட். இது பருவவாரி மதிப்பெண் பட்டியல்களின் நகல் அல்ல. எல்லாப் பருவங்களின் தாள்களையும் மதிப்பெண்களையும் ஒன்றாகத் தொகுத்துப் பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தரும் ஆவணம். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் முதலில் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்க வேண்டும். மதிப்பெண் முறை பற்றிய விளக்கம் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் 72 விழுக்காடு எத்தகைய மதிப்பெண் என்பது வெளிநாட்டுக் குழுவுக்குத் தானாகத் தெரியாது. முத்திரையிட்ட உறைகள் சிலவற்றையும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அலைவது மிச்சமாகும்.

மூன்றாவது, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும்: வருமானச் சான்றும் சாதிச் சான்றும். இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மீன்பிடிக் குடும்பத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத்தான் வருமானத்தை எழுதுவார், அதற்கு நாள் பிடிக்கும். குடும்ப அட்டை, ஆதார், படகு பங்குக் கணக்கு ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் கொண்டு நேரில் சென்று விளக்குவது வேலையைச் சுருக்கும்.

2. ஆய்வுக் கேள்வியைச் சுருக்குதல்

'மன்னார் வளைகுடாவின் கடல் வளப் பாதுகாப்பு' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு எப்படிச் சுருக்குவது என்று பார்ப்போம்.

பாம்பன் பக்கத்துப் பெண்கள் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி முதலிய கடற்பாசி வகைகளை எடுக்கிறார்கள். 21 தீவுகளையும் உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. அங்கே எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. இதைப் பற்றி எழுத விரும்பும் மாணவி 'பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரம்' என்று தொடங்குவாள். யார், எங்கே, எதை என்பது அதில் இருக்கிறது. எந்த மாற்றம், எதனால், எப்படி அளப்பது என்பது இல்லை.

அடுத்த வரைவு: 'பூங்காவின் கட்டுப்பாடு பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வை எப்படி மாற்றியது?' கொஞ்சம் நெருங்கிவிட்டது, ஆனால் 'வாழ்வு' என்பதை அளக்க முடியாது. மூன்றாவது வரைவு: 'கட்டுப்பாட்டுக்குப் பின் மரிக்கொழுந்து எடுக்கும் இடங்களும் மாத நாட்களும் எப்படி மாறின? அந்த மாற்றம் பாசி மீண்டும் வளரும் வேகத்தோடு பொருந்துகிறதா?' இப்போது இது கேள்வி. வயதான பெண்களின் நினைவில் உள்ள இடப்பெயர்களைக் கொண்டு வரைபடம் போடலாம், கொள்முதல் வியாபாரிகளின் கணக்கைப் பார்க்கலாம், கடலடியில் சதுரச் சட்டகம் வைத்து வளர்ச்சியை அளக்கலாம். தரவு எங்கிருந்து வரும் என்று சொல்லக்கூடிய கேள்வியைத்தான் நிதி தருகிறவர்கள் நம்புவார்கள்.

இதற்கு முன் என்ன ஆராயப்பட்டிருக்கிறது என்பதை அறிய, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் மண்டபம் பற்றிய பல்லாண்டு ஆவணங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1947இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், சில ஆண்டுகளில் மண்டபத்துக்கு வந்து, தலைமையகம் கொச்சிக்கு மாறும் வரை இங்கிருந்துதான் இயங்கியது என்பதால், நம் கடலைப் பற்றிய பழைய அளவீடுகள் நமக்கு நிறையவே உண்டு. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் படிக்கலாம். வரலாறு, தொல்லியல் துறையினர் அழகன்குளம் அகழாய்வு அறிக்கைகளிலிருந்தும், சமூகவியல் துறையினர் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான மண்டபம் முகாம் பற்றிய ஆய்வுகளிலிருந்தும் இதே முறையில் தொடங்கலாம்.

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள். மொத்தக் காலத்தில் மூன்று மாதம் இதற்கே போனாலும் அது வீணல்ல. பின்னால் வரும் ஒவ்வொரு கடிதமும் இதிலிருந்துதான் எழுதப்படும்.

3. நெறியாளரைக் கண்டறிந்து எழுதுதல்

நெறியாளரைப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் தேட வேண்டாம். நீங்கள் படித்த கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் தேடுங்கள். உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் ஐந்து கட்டுரைகளை எழுதியவர் யார், அவர் இப்போது எங்கே பணிபுரிகிறார், கடந்த மூன்று ஆண்டுகளில் முனைவர் பட்ட மாணவர்களை எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். பவளப்பாறை ஆய்வென்றால் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பெரிய பெயர் அல்ல, உங்கள் கேள்வியில் ஆர்வமுள்ள ஆள்தான் முக்கியம்.

கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு, 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, பெயரில்லாமல், முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது. இதைப் பெறுகிறவர் முதல் வரியிலேயே அது பொதுக் கடிதம் என்று அறிந்துகொள்வார். பேராசிரியரின் பெயரைப் பட்டத்தோடு எழுதித் தொடங்குங்கள். கடிதம் திரையில் உருட்டாமல் படித்து முடிக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

'பாக் விரிகுடாக் கடற்புல் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தால் அளப்பதை என் முதுகலை ஆய்வேட்டில் முயன்றேன். கலங்கிய நீரில் பிழை கூடியது. உங்கள் கட்டுரையில் கலங்கலைத் திருத்துவதற்கு நீங்கள் பயன்படுத்திய முறையை வாடைக்காலத்துப் படங்களில் சோதிக்க விரும்புகிறேன். அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் மாணவரை ஏற்கும் வாய்ப்பு உங்களிடம் உண்டா? இந்த நிதி வாய்ப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். என் தற்குறிப்பும் ஒரு பக்கத் திட்டக் குறிப்பும் இணைப்பில் உள்ளன.'

இதில் நான்கு செய்திகள் இருக்கின்றன: என்ன செய்தேன், எங்கே முட்டியது, உங்களிடம் ஏன் வருகிறேன், என்ன கேட்கிறேன். குடும்ப நிலை, சிறுவயதுக் கனவு, புகழ்ச்சி எதுவும் இல்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராதது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அவருக்கு அந்த ஆண்டு இடம் இல்லாமல் இருக்கலாம்.

நாட்டுக்கு நாடு இதில் வேறுபாடு உண்டு. ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் நெறியாளரின் முன்சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகர்வதே கடினம். அமெரிக்காவில் பல துறைகளில் சேர்க்கைக் குழுவே முடிவெடுக்கும். அங்கே முன்கடிதம் உதவும், ஆனால் கட்டாயம் அல்ல.

4. எந்த நிதி உங்களுக்குப் பொருந்தும்

நிதியின் வகையைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பிப்பதால் வீணாகும் மாதங்கள் மிக அதிகம். வகைகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

சம்பளப் பணியிடம். நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளிலும் ஜெர்மனியின் பல துறைகளிலும் முனைவர் பட்ட ஆய்வாளர் ஊதியம் பெறும் ஊழியர். இதற்கு உதவித்தொகைப் படிவம் கிடையாது, வேலை விளம்பரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புப் பணியிடங்களும் இவ்வகையே, அவை யூராக்செஸ் தளத்தில் வெளியாகும். விண்ணப்பிப்பவர் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது அதன் விதி. நேராக இங்கிருந்து போகிறவர்களுக்கு இது தடையே அல்ல. நம் மாணவர்கள் மிகக் குறைவாக எட்டிப்பார்க்கும் கதவு இது என்பது என் கருத்து. ஆண்டு முழுவதும் திறந்திருப்பதும் இதுதான்.

பல்கலைக்கழக நிதி. அமெரிக்காவில் சேர்க்கைக் கடிதத்துடனேயே கல்விக் கட்டண விலக்கும், கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கான தொகையும் வரும். தனி உதவித்தொகை தேடி அலைய வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் நிதிக்கும் தனிப் படிவம் கிடையாது. உரிய கடைசி நாளுக்குள் சேர்க்கைக்கு விண்ணப்பித்தாலே போதும். ஆஸ்திரேலியாவில் ஆர்.டி.பி. எனப்படும் அரசு நிதியைப் பல்கலைக்கழகங்களே பங்கிட்டுத் தருகின்றன.

நாடுகள் தரும் நிதி. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் நிதிக்கு நெறியாளரின் ஏற்புக் கடிதம் வேண்டும். முதுகலை முடித்துப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஜப்பான் கல்வி அமைச்சகமான மெக்ஸ்ட் தரும் உதவித்தொகையின் தூதரகப் பரிந்துரை வழியில் மட்டும் வரிசை சற்று மாறும்: முதற்கட்டத் தேர்வில் வென்ற பிறகே பல்கலைக்கழகத்திடம் ஏற்புக் கடிதம் முறைப்படி வாங்குவீர்கள். அப்போதும் பேராசிரியரோடு முன்பே தொடர்பு இருந்தால் அந்தக் குறுகிய காலத்தில் தடுமாற்றம் இருக்காது.

இந்திய அரசு நிதி. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோருக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35க்குள், முதுகலையில் 60 விழுக்காடு, கியூ.எஸ். தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் என்பவை முக்கிய விதிகள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளை 2022ஆம் ஆண்டு விதிகள் விலக்கின. ஆகவே சமூகவியல், வரலாற்று மாணவர்கள் அந்தந்த ஆண்டின் வழிகாட்டு நெறிகளைப் படித்த பிறகே இதை நம்பித் திட்டமிட வேண்டும். கடலோர மீனவச் சமூகங்களில் பெரும்பான்மை பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருப்பதால், 'மீனவர் என்றால் கிடைக்கும்' என்று எண்ணிக் காத்திருந்து ஓர் ஆண்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழக அரசின் ஆதிதிராவிடர், சிறுபான்மையினர் நலத் துறைகளின் அறிவிப்புகளையும் தனியே பாருங்கள். சிறுபான்மையினருக்கான படோ பர்தேஷ் வட்டி மானியம் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பட்டியல்களில் அதன் பெயர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வருகை ஆய்வு நிதி. ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நிதி, இந்தியாவில் ஏற்கெனவே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் 6 முதல் 9 மாதம் அமெரிக்காவில் தங்கி ஆராய்வதற்கானது. அங்கே பட்டம் வாங்குவதற்கு அல்ல. முதுகலை மட்டும் முடித்தவர்கள் இதற்கு விண்ணப்பித்து ஏமாறுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அழகப்பா போன்ற நம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து ஓராண்டு கடந்தவர்களுக்கு இது மிக நல்ல வழி.

முகவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முனைவர் பட்ட இடத்துக்கு முகவர் தேவையில்லை. நெறியாளருக்கும் உங்களுக்கும் நடுவில் வேறு யாரும் இருந்து பயனில்லை. பெற்றோரின் வலை, நகை அடகுப் பணத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

5. மொழித்தேர்வு

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டு செல்லும். எனவே மிக முன்னதாகவும் எழுத வேண்டாம், கடைசி மாதத்துக்கும் தள்ள வேண்டாம். விண்ணப்ப ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் சரியான நேரம். குறைந்தால் மீண்டும் எழுத இடம் இருக்கும். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்தும் எழுத்துப் பகுதியில் மட்டும் அரைப் புள்ளி குறைந்து இடம் தவறுவது உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சம் கேட்கப்படுகிறதா என்று பாருங்கள். ஜி.ஆர்.இ. என்னும் பொதுத் திறன் தேர்வைப் பல அமெரிக்கத் துறைகள் இப்போது கேட்பதில்லை. தேவையா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

6. பரிந்துரைக் கடிதங்கள்

மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது நீங்கள் ஆய்வு செய்ததை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதம் பதவியால் பெரிதாகத் தோன்றும். ஆனால் 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்பதற்கு மேல் அவரால் எழுத முடியாது. மண்டபத்து ஆய்வு நிலையத்தில் மூன்று மாத ஆய்வேட்டுப் பணியில் உங்களோடு படகில் வந்த விஞ்ஞானி, 'அலை ஏறிய நாளிலும் மாதிரிப் பதிவைத் தவறவிடவில்லை. எண்ணிக்கையில் ஐயம் வந்தபோது மறுநாள் மீண்டும் எண்ணினார்' என்று எழுதினால் அதன் எடை வேறு.

ஆறு வாரத்துக்கு முன்பே நேரில் சென்று கேளுங்கள். கேட்கும்போது ஆய்வுத் திட்டம், தற்குறிப்பு, கடைசி நாட்களின் பட்டியல், அவருடன் நீங்கள் செய்த வேலை பற்றிய அரைப் பக்க நினைவுக் குறிப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் குழு அதைக் கண்டுபிடித்துவிடும். பணிவோடு, 'ஐயா, குறிப்புகளை எழுதித் தருகிறேன், கடிதம் உங்கள் சொற்களில் இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

பரிந்துரைப்பவருக்கு இணைப்பு மின்னஞ்சலில் போகும். பல பல்கலைக்கழகங்கள் நிறுவன மின்னஞ்சல் முகவரியை எதிர்பார்க்கின்றன. அவர் அந்த முகவரியை உண்மையில் திறந்து பார்க்கிறாரா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

7. ஆய்வுத் திட்டமும் நோக்கக் கடிதமும்

ஆய்வுத் திட்டத்தில் கேள்வி முதல் பத்தியிலேயே வர வேண்டும். நம் பழக்கம் உலகக் கடல்களின் பரப்பிலிருந்து தொடங்கி மூன்றாம் பக்கத்தில் பாம்பனுக்கு வருவது. படிப்பவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

கால அட்டவணையில் நம் கடலின் பருவத்தைக் காட்டுங்கள். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும். வாடை வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவான வடகடல் கொந்தளிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எந்த மாதம் எந்தக் கரையில் களப்பணி என்று இதற்கேற்ப எழுதியிருந்தால், இவர் அந்த இடத்தை அறிந்தவர் என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கிவிடும். கடலோரத்தில் பிறந்தவரின் பெரிய பலம் இதுதான். அதைப் பலரும் திட்டத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

நோக்கக் கடிதத்தில் இதற்கு நேர்மாறான தவறு நேர்கிறது: கடலோர வாழ்வு முழுவதும் துயரக் கதையாக வந்துவிடுகிறது. அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அனுதாபத்துக்காக எழுதாமல் அறிவுக்காக எழுதுங்கள். 'வலையில் வரும் மீனின் அளவு சிறுத்து வருவதை அப்பா சொல்லக் கேட்டு, இறங்குதளத்தில் ஒரு பருவம் முழுவதும் நான் நீளம் அளந்து பதிவு செய்தேன்' என்ற வாக்கியம், வறுமை பற்றிய ஒரு பக்கத்தைவிட உங்களை நன்றாக அறிமுகப்படுத்தும்.

8. களப்பணி அனுமதிகளைத் திட்டத்திலேயே எழுதுதல்

நம் கடலிலேயே களப்பணி செய்ய எண்ணுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது.

மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் கொண்டு செல்ல, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதல்ல. வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படும் இந்தியக் குடிமகனுக்கும் அது பொருந்தும். வெளிநாட்டில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதி அங்கே இருந்தால், சொந்த ஊர்க் கரையில் பாசி எடுக்கவும் நீங்கள் அந்த வரையறைக்குள் வரலாம்.

எனவே திட்டத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, எந்த அனுமதி, யாரிடம், எந்த மாதம் விண்ணப்பிப்பேன், தாமதமானால் முதலாண்டில் செயற்கைக்கோள் படங்களையும் பழைய தரவுகளையும் கொண்டு எதைச் செய்வேன் என்று எழுதுங்கள். இந்தியாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் விஞ்ஞானி இணை நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்டால் பாதி வேலை எளிதாகும்.

9. சமர்ப்பித்தல்

கடைசி நாள் என்பது அந்த நாட்டின் கடிகாரப்படி. குளிர்காலத்தில் லண்டனில் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 5:29. நியூயார்க்கில் என்றால் மறுநாள் காலை 10:29. ஆனால் இந்தக் கணக்கை நம்பி இருக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் உருவானால் தீவுப் பகுதியிலும் கடலோர ஊர்களிலும் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். ஒரு வாரம் முன்னதாகச் சமர்ப்பிப்பது இங்கே கட்டாயம்.

கோப்புகளுக்குக் கடவுச்சீட்டுப் பெயரோடு தெளிவான பெயரிடுங்கள். சான்றிதழ்களைக் கைப்பேசிப் படமாக அனுப்பாமல் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்குங்கள். தமிழில் உள்ள சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால், பணம் கட்டும் முன்பே துறைக்கு எழுதி விலக்கு கேளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது உண்டு.

10. நேர்காணல்

பெரும்பாலும் காணொலி வழியாக நடக்கும். கேள்விகள் ஊகிக்கக்கூடியவை: ஏன் இந்தக் கேள்வி, ஏன் எங்களிடம், தரவு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், உங்கள் முதுகலை ஆய்வின் பலவீனம் எது. கடைசிக் கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்பது மிக மோசமான விடை. உங்கள் முறையின் குறையை நீங்களே சொல்லி, அதை இனி எப்படிச் சரிசெய்வீர்கள் என்று விளக்குவதே ஆய்வாளரின் விடை.

பயிற்சிக்கு நான் சொல்வது இது. முதலில் உங்கள் ஆய்வை வீட்டில் அத்தையிடமோ சித்தப்பாவிடமோ தமிழில் மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். அவர் குறுக்கே கேட்கும் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புரிந்துவிட்டால் ஆங்கிலத்துக்கு மாறுங்கள். மனப்பாடம் செய்த ஆங்கிலம் இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும். கருத்து தெளிவாக இருந்தால் சொல் தடுமாறினாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்பதில் தவறே இல்லை.

கடற்கரையை ஒட்டிய வீட்டில் சமிக்ஞை நிலையாக இருக்காது. இராமநாதபுரத்திலோ கல்லூரியிலோ நல்ல இணைப்புள்ள அறையை முன்பே கேட்டு, முந்தைய நாள் அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

11. முடிவு வந்த பிறகு

இடம் கிடைத்தால் கடிதத்தை வரிக்கு வரி படியுங்கள்: தொகை எத்தனை ஆண்டுக்கு, கல்விக் கட்டணம் அதில் அடங்குமா, விமானச் செலவும் காப்பீடும் யாருடையது, களப்பணிக்கு ஊர் திரும்ப நிதி உண்டா. அமெரிக்காவில் நிதியுடன் வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் அவசரப்படுத்தினால் பணிவாகக் காலம் கேட்கலாம்.

விசாவுக்குச் சென்னை செல்ல வேண்டியிருக்கும். உதவித்தொகைக் கடிதமே பெரும்பாலும் பணச் சான்றாகும். வங்கியில் கடன் வாங்கிப் பணம் காட்ட வேண்டியதில்லை. பிரிட்டனுக்குச் செல்பவர்களுக்கு, ஏற்பளிக்கப்பட்ட மருத்துவ மையத்தில் காசநோய்ப் பரிசோதனையும், சில அறிவியல் துறைகளுக்கு ஏ.டி.ஏ.எஸ். எனப்படும் பாதுகாப்பு அனுமதிச் சான்றும் தேவை. அச்சான்றுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வாரங்கள் பிடிக்கும். பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையைக் கேட்கும் நாடு என்றால், முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில் போக வேண்டும்.

கிடைக்காவிட்டால், அந்த வாரமே நெறியாளருக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அவருக்கு ஆர்வம் உண்டா, திட்டத்தில் எதை மாற்றலாம் என்று கேளுங்கள். முதல் முறையோடு கைவிட்டுவிடாமல், அதே நெறியாளரோடு திட்டத்தைத் திருத்தி மறு ஆண்டு அனுப்பியவர்கள் பலர் வென்றதை நான் பார்க்கிறேன். நடுவில் உள்ள மாதங்களில் ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தால் தற்குறிப்பில் புதிய வரி ஒன்று சேரும், பரிந்துரைக் கடிதத்துக்கும் புதிய செய்தி கிடைக்கும். மொழித்தேர்வு மதிப்பெண் அடுத்த சுற்று வரை செல்லுமா என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றைப் புதிதாக வாங்குங்கள்.